தொண்டைக்குள்ள உருண்டை நிக்கிற மாதிரி, கழுத்திலயும் சின்னக் கட்டி: ரெண்டும் ஒண்டா?

உப்புவெளி மகன்:

அம்மாவுக்கு 54 வயசு. ரெண்டு மாசமா தொண்டைக்குள்ள ஏதோ உருண்டை நிக்கிற மாதிரி இருக்கெண்டு சொல்லுறா. சோறு, இடியப்பம் எல்லாம் சுகமா இறங்குது. வெறும் எச்சில் விழுங்கேக்கதான் கூடத் தெரியுதாம். பின்னேரம் ஆக ஆகக் கூடும், காலமை குறைவு. அடிக்கடி தொண்டையைச் செருமுறா. சூடை மீன் முள்ளு குத்தியிருக்கும் எண்டு சோத்துருண்டை, வாழைப்பழம் எல்லாம் விழுங்கிப் பாத்தா, மாறேல்ல.

போன கிழமை கழுத்தைத் தடவிப் பாக்கேக்க முன்பக்கம், நடுவில இருந்து கொஞ்சம் வலப்பக்கமா கச்சான் கொட்டையை விடக் கொஞ்சம் பெருசா ஒரு கட்டி தட்டுப்படுது. நோ இல்ல. குரல் மாறேல்ல, மெலியவும் இல்ல. பிரஷருக்கு எனலப்ரில் குளிசை போடுறா. வெத்திலை, பாக்கு, புகையிலை சேத்துப் போடுவா.

அந்தக் கட்டிதான் தொண்டைக்குள்ள உருண்டை மாதிரித் தெரியுதா? முதல்ல எந்தக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறது? ஊசி குத்திப் பாத்தா கட்டி பரவும் எண்டு பக்கத்து வீட்டில சொல்லி அம்மா பயந்து போயிருக்கிறா. விசயம் தெரிஞ்சவங்க சொல்லுங்கோ.

மிடறு:

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இவை இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு விசயங்கள். உள்ளே உணர்வது ஒன்று, வெளியே கைக்குத் தட்டுப்படுவது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அப்படிப் பிரிக்காமல் விட்டால், கட்டிக்கு வைத்தியம் செய்த பிறகும் உருண்டை உணர்வு போகவில்லை என்று அம்மா மேலும் பயப்படுவா.

முதலில் உருண்டை. சாப்பாடு தடையின்றி இறங்குகிறது, சாப்பிடும்போது உணர்வு குறைகிறது, எச்சிலை விழுங்கும்போது கூடுகிறது, வந்து வந்து போகிறது, நோவில்லை. இந்தச் சேர்க்கை தசை இறுக்கத்தின் அடையாளம். உணவுக்குழாயின் மேல்வாயில் ஒரு வளையத் தசை இருக்கிறது. குரல்வளைக்கு நேர் பின்னால், எப்போதும் இறுகி மூடியபடி இருக்கும். உணவு வரும்போது அது முழுதாகத் திறக்கும், அந்த நேரம் இறுக்கமும் தெரியாது. வெறும் எச்சிலைத் திரும்பத் திரும்ப விழுங்கும்போது அதே தசை இன்னும் இறுகும். வயிற்று அமிலம் மேலே ஏறுவது, மனப் பாரம், ஓயாமல் செருமுவது மூன்றும் இதைக் கூட்டும். செருமினால் குரல்வளையின் பின்பக்கம் உரசி வீங்கும், வீங்கியதால் மறுபடி செருமத் தோன்றும். அந்தச் சுற்றை உடைக்காமல் எந்தக் குளிசையும் முழுதாக வேலை செய்யாது. செருமல் வரும்போது ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் நாடியைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரே ஒரு தரம் விழுங்கலாம். சில கிழமை விடாமல் செய்ய வேண்டும்.

அம்மாவுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். எனலப்ரில் வகைக் குளிசைகள் சிலருக்கு வறட்டு இருமலையும் தொண்டை அரிப்பையும் தரும். கிளினிக்கில் அதைச் சொன்னால் லோசாட்டன் போன்ற வேறு வகைக்கு மாற்றுவார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், பிரஷர் ஏறிவிடும்.

இனிக் கட்டி. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கதிரையில் இருத்தி, நாடியைச் சற்று உயர்த்தச் சொல்லுங்கள். வாயில் ஒரு மிடறு தண்ணீரை வைத்திருந்து, நீங்கள் சொன்னதும் விழுங்கட்டும். நீங்கள் பின்னால் நின்று இரண்டு கைகளின் நடு விரல்களையும் கட்டியின் மேல் மெதுவாக வைத்திருங்கள். விழுங்கும்போது கட்டி குரல்வளையோடு சேர்ந்து மேலே ஏறி இறங்கினால் அது தைரொய்ட் சுரப்பியைச் சேர்ந்தது. அந்தச் சுரப்பி குரல்வளை மேட்டுக்கு இரண்டு விரல் கீழே, மூச்சுக்குழாயின் இரு பக்கமும் ஒட்டியிருப்பதால்தான் கூடவே ஏறுகிறது. பிறகு வாயைத் திறந்து நாக்கை நன்றாக வெளியே நீட்டச் சொல்லுங்கள். நாக்கை நீட்டும்போதும் கட்டி மேலே இழுபட்டால் அது பிறவியிலேயே மிஞ்சிய குழாயில் வரும் நீர்க்கட்டி. பெரும்பாலும் நட்டநடுவில் இருக்கும், பிள்ளைகளிலும் இளம் வயதிலும்தான் அதிகம் காணலாம். இரண்டுக்கும் அசையாமல் கழுத்தின் பக்கவாட்டில் இருந்தால் நிணநீர்க் கணு, அதாவது நாங்கள் நெறி கட்டியிருக்கு என்று சொல்வது.

கட்டி இல்லாததையும் கட்டி என்று நினைத்து ஓடி வருபவர்கள் நிறையப் பேர். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் மென்மையாகத் தட்டுப்படுவது உமிழ்நீர்ச் சுரப்பி. காது மடலுக்குக் கீழே, ஆழத்தில் கல்லுப்போல இருப்பது முதல் கழுத்தெலும்பின் பக்க முனை. குரல்வளைக்கு மேலே பக்கத்தில் குறுக்காக ஆடும் கூர்முனை நாவடி எலும்பு. விரலுக்கடியில் துடிப்பது பெரிய இரத்தக்குழாய், அதை அழுத்தித் தேய்க்கக் கூடாது. தலை சுற்றும், வயதானவர் மயங்கியும் விழலாம். எதைத் தடவினாலும் மற்றப் பக்கத்தையும் தடவுங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஒரே அளவில் இருந்தால் அது பெரும்பாலும் இயல்பான உறுப்புத்தான்.

தினமும் பத்துத் தரம் தடவிப் பார்க்க வேண்டாம். தடவத் தடவ அந்த இடம் நொந்து வீங்கும். ஒரு தரம் பார்த்து, அளவை எழுதி வைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

வாட் சிஸ்டர்:

மிடறு சொன்னதோட அவசரமாப் போகவேண்டிய நிலைமைகளையும் சேத்துக்கொள்ளுங்க, இந்தத் திரியை வேற ஆக்களும் வாசிப்பாங்க.

மூச்சை உள்ள இழுக்கேக்க கிறீச்செண்டு சத்தம், எச்சிலைக்கூட விழுங்க ஏலாமல் வாயால வழியிறது, வாய் திறக்க முடியாத அளவுக்குத் தாடை இறுகிறது, வாய்க்குள்ள எதையோ வச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரிக் குரல். இதில ஒண்டு இருந்தாலும் கிளினிக் நாள் பாக்காதீங்க, 1990க்கு அடிச்சு அம்புலன்சைக் கூப்பிடுங்க. படுக்க வைக்காதீங்க, அவருக்குச் சுகமான மாதிரி இருக்க விடுங்க. பிள்ளையெண்டால் கரண்டியால நாக்கை அமத்தித் தொண்டையைப் பாக்கவே கூடாது. குரல்வளைக்கு மேல இருக்கிற மூடி வீங்கியிருந்தால் அந்தத் தொடுகையிலயே மூச்சுவழி அடைபடும்.

தொண்டை நோ வந்து நாலைஞ்சு நாளில ஒரு பக்கம் மட்டும் கடுமையாகி, உண்ணாக்கு மற்றப் பக்கம் தள்ளுப்பட்டு நிண்டால், அது டொன்சிலுக்குப் பக்கத்தில சீழ் கட்டினது. சீழை எடுக்காமல் அன்டிபயோட்டிக் மட்டும் போட்டால் பெரும்பாலும் சரிவராது.

பல்லையும் மறக்காதீங்க. கீழ்க் கடைவாய்ப் பல்லுச் சூத்தையில இருந்து கிருமி இறங்கி நாக்குக்கு அடியிலயும் நாடிக்குக் கீழயும் பலகை மாதிரி வீங்கும். நாக்கு மேல தூக்குப்படும். ஒரு நாளுக்குள்ளயே மூச்சை அடைக்கக்கூடியது. நீரிழிவு இருக்கிறவங்களுக்கு இன்னும் வேகம். மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு வீட்டில இருக்கிற விசயமில்ல.

எனலப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில் போடுறவங்க ஒண்டைத் தெரிஞ்சு வச்சிருக்கோணும். சொண்டு, நாக்கு, முகம் சில மணித்தியாலத்தில வீங்கினால் அது அந்தக் குளிசையாலயா இருக்கலாம். வருசக்கணக்காப் போட்டுக்கொண்டு வந்த ஆளுக்கும் திடீரெண்டு வரும். பிரிட்டன் (Piriton) குளிசை போட்டு மாறும் எண்டு இருக்காதீங்க, அலர்ஜிக் குளிசை இந்த வீக்கத்துக்குச் சரியா வேலை செய்யாது. அடுத்த குளிசையைப் போடாமல் உடன ஆஸ்பத்திரி. தம்பியின்ர அம்மாவுக்கு இருக்கிறது அதில்ல. அந்த வீக்கம் ரெண்டு மாசம் இழுபடாது.

மீன் முள்ளு: திருகோணமலையில இதைச் சொல்லாமல் விட ஏலாது. முள்ளு குத்தினால் விழுங்கின அந்த நேரமே தெரியும். ஒரே இடம், ஒரு பக்கம், ஒவ்வொரு விழுங்கலுக்கும் ஊசி குத்திற மாதிரி. விரலால இடத்தைக் காட்டுவாங்க. பெரும்பாலும் டொன்சிலில இல்லாட்டி நாக்கடியில நிக்கும். வாயைத் திறக்க வச்சு லைட் அடிச்சே டொக்டர் சாவணத்தால எடுத்துப்போடுவார். சோத்துருண்டை, வாழைப்பழம், பாண் விழுங்கினால் மேல நிண்ட முள்ளு உணவுக்குழாய்க்குள்ள ஆழமா இறங்கும். அங்க சுவரைத் துளைச்சால் காய்ச்சல், கழுத்து வீக்கம், நெஞ்சு நோ எண்டு பெரிய சத்திரசிகிச்சையில போய் நிக்கும். தேசிக்காய்ப்புளி, வினாகிரி குடிச்சு முள்ளு கரையிறதில்ல. எக்ஸ்ரேயில தெரியேல்ல எண்டால் முள்ளு இல்லையெண்டு அர்த்தமில்ல, சில மீன் முள்ளு எக்ஸ்ரேயில பிடிபடாது. நோ நிண்டால் கமெரா போட்டோ சி.டி. ஸ்கான் செய்தோதான் முடிவு சொல்லுவாங்க. முள்ளு போன பிறகும் கீறின இடம் ஒண்டு ரெண்டு நாள் உறுத்தும், அது குறைஞ்சுகொண்டு வரோணும்.

உப்புவெளி மகன்:

மிக்க நன்றி. இப்பதான் தண்ணி குடிக்க வச்சுப் பாத்தன். விழுங்கேக்க கட்டி மேல ஏறி இறங்குது. நாக்கை நீட்டினா அசையேல்ல. இதுக்கு இனி என்ன செய்வாங்க? உப்பில அயடீன் குறைஞ்சு வந்ததோ?

மிடறு:

அப்படியென்றால் தைரொய்ட் கணு, அதாவது அந்தச் சுரப்பிக்குள் வந்த கட்டி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஐம்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஸ்கான் செய்தால் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு கணுவாவது தெரியும். நூற்றில் தொண்ணூறுக்கு மேல் சாதுவானவை. கச்சான் கொட்டை அளவுக் கணு உணவுக்குழாயை அழுத்தாது, அதனால்தான் உருண்டை உணர்வுக்கு வேறு காரணம் தேடச் சொன்னேன். மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் போய் மூச்சுக்குழாயின் முன்னால் கிடந்தால் அழுத்தம் தெரியலாம்.

பெரியாஸ்பத்திரி ஓ.பி.டி.யில் காட்டி, ஈ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) கிளினிக்குக்கு எழுதி வாங்குங்கள். மூதூர், கிண்ணியாப் பக்கம் உள்ளவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையிலேயே முதலில் காட்டலாம். ஈ.என்.டி. முதலில் என்று சொல்வதற்குக் காரணம், மூக்கு வழியாக மெல்லிய கமெரா விட்டு குரல் நாண்களையும் உணவுக்குழாய் வாசலையும் அங்கே பார்த்துவிடுவார்கள். வெத்திலையும் புகையிலையும் போடுகிறவருக்கு அந்தப் பார்வை கட்டாயம். கட்டியைச் சத்திரசிகிச்சைக் கிளினிக்கிலும் பார்ப்பார்கள், ஈ.என்.டி.யில் இருந்தே அனுப்பலாம்.

முதலில் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை, அதாவது தைரொய்ட் சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது. பெரும்பாலான ஆய்வுகூடங்களில் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இயல்பு. சுரப்பி நன்றாக வேலை செய்தாலும் கணு இருக்கலாம், ஆகவே டி.எஸ்.எச். சரி என்று ரிப்போட் வந்ததும் விட்டுவிடக் கூடாது. எண் மிகக் குறைந்திருந்தால் கணுவே அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேறொரு ஸ்கானுக்கு அனுப்புவார்கள். அப்படிச் சுரக்கும் கணுவில் புற்றுநோய் அரிது. முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் குளிசை போட்டால் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னரே நிறுத்துங்கள், அது எண்களைப் பிழையாகக் காட்டும்.

பிறகு கழுத்து அல்ட்ராசவுண்ட். ரிப்போட்டில் டைராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஒரு தரம் போட்டிருப்பார்கள். அது ஆபத்தின் அளவு அல்ல, சந்தேகத்தின் அளவு. 3 என்றால் 2.5 சென்ரிமீற்றர், 4 என்றால் 1.5 சென்ரிமீற்றர், 5 என்றால் 1 சென்ரிமீற்றர் தாண்டினால் ஊசி குத்திப் பார்ப்பது பொதுவான அளவுகோல். 1, 2 என்றால் ஊசியே தேவையில்லை. அகலத்தை விட உயரம் கூடியிருப்பது, ஓரம் சீரில்லாதது, உள்ளே பொடிப் பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள், சுற்றியுள்ள தசையை விடக் கருமையாகத் தெரிவது: இவைதான் தரத்தைக் கூட்டும். ரிப்போட்டில் கணுவின் அளவு மூன்று பக்கமும் எழுதியிருக்கிறதா, கழுத்து நெறிகளைப் பற்றி ஏதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள், அடுத்த ஸ்கானோடு ஒப்பிட அந்த எண்கள்தான் தேவை.

ஊசி குத்தினால் பரவும் என்பது உண்மையல்ல. இரத்தம் எடுக்கும் ஊசியை விட மெல்லிய ஊசியால், ஸ்கானில் பார்த்தபடி சில கலங்களை உறிஞ்சி எடுப்பதுதான் எஃப்.என்.ஏ.சி. சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். கதைக்காமல், விழுங்காமல் அசையாமல் இருந்தால் போதும். அஸ்பிரின், குளோபிடோகிரல், வாபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசை ஏதும் போடுகிறவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு அந்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நீலம் பாரிப்பது குறையும். முடிவு பெதஸ்டா என்ற பெயரில் 1 முதல் 6 வரை வரும். 1 என்றால் கலங்கள் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று மட்டும் அர்த்தம். இதைப் புற்றுநோயின் முதலாம் கட்டம் என்று நினைத்து அழுது வருகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அம்மாவுக்கு முதலே விளக்கி வையுங்கள். 2 சாதுவானது, ஒன்று இரண்டு வருடத்தில் ஸ்கானைத் திரும்பப் பார்த்தால் போதும். 3 என்றால் மறுபடி எடுப்பார்கள், 4 முதல் மேலே சத்திரசிகிச்சைப் பேச்சு வரும்.

அயடீன் விசயம்: இலங்கையில் 1995 இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமானது. கடல் மீன் சாப்பிடும் எங்கள் பக்கத்தில் இந்தக் கணுவுக்கு அயடீன் குறைவைக் காரணமாகச் சொல்வது கடினம். ஆனாலும் நிலாவெளிப் பக்க உப்பளத்துக் கல்லுப்பை நேரே வாங்கிச் சமைக்கிறவர்கள், அதில் அயடீன் சேர்க்கப்படவில்லை என்பதை மனதில் வைத்து அயடீன் உப்பையும் பாவியுங்கள். அயடீன் சொட்டு, கடற்பாசிக் குளிசை என்று தனியாக எடுக்க வேண்டாம், கணு உள்ள சுரப்பியை அது குழப்பும். கோவா, மரவள்ளி சாப்பிட்டதால் வந்தது என்றும் அம்மாவை ஏசாதீர்கள்.

கிண்ணியா உம்மா:

இடையில கேக்கிறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க. மகனுக்கு 6 வயசு. காதுக்குக் கீழயும் பிடரிப் பக்கமும் சின்னச் சின்னக் கொட்டை தட்டுப்படுது. போன மாசம் தடிமன் வந்தது. பயப்படணுமா?

வாட் சிஸ்டர்:

பிள்ளையளுக்கு ஒரு சென்ரிமீற்றருக்குள்ள, மெத்தெண்டு, விரலுக்கடியில உருண்டு ஓடுற நெறி சாதாரணம். தடிமன் மாறின பிறகும் கிழமைக்கணக்கா நிக்கும். பிடரியில இருந்தால் தலைமயிரைப் பிரிச்சுப் பாருங்க, பேன், சொறி, புண் இருக்கும். அதை மாத்தினால் நெறியும் வத்தும்.

ரெண்டு சென்ரிமீற்றருக்கு மேல, வளந்துகொண்டு போறது, ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கொத்தாக் கிடக்கிறது, மேல்தோல் நிறம் மாறிச் சீழ் வடியிறது, நாலு தொடக்கம் ஆறு கிழமைக்குப் பிறகும் சின்னதாகாமல் நிக்கிறது எண்டால் காட்டுங்க. காறை எலும்புக்கு மேல குழியில இருந்தால் எந்த அளவெண்டாலும் காட்டுங்க. நோவில்லாமல் மெல்ல மெல்லக் கொத்தா வளருறது காசநோய் நெறியா இருக்கலாம். நெஞ்சில ஒண்டும் இல்லாமலே கழுத்தில மட்டும் வரும். ஆறு மாசக் குளிசை, அரசாங்கத்தில இலவசம், முழுதாப் போட்டால் மாறும். அதைக் கீறிச் சீழெடுக்க விடாதீங்க, ஆறாத புண்ணாய்ப் போகும்.

காது மடலைத் தூக்கிக்கொண்டு கன்னமே வீங்கினால் கூகைக்கட்டு. சாப்பிடேக்க, முக்கியமாப் புளி நாக்கில பட்டவுடன தாடைக்குக் கீழ வீங்கி ஒண்டு ரெண்டு மணித்தியாலத்தில வத்தினால் உமிழ்நீர்க் குழாயில கல். இது பெரியாக்களில்தான் கூட.

பெரியாக்களுக்கு ஒரு முக்கியமான விசயம். நாப்பது தாண்டின, வெத்திலை, சிகரெட், சாராயம் பழக்கம் உள்ள ஆளுக்குக் கழுத்தின்ர பக்கத்தில கெட்டியான, அசையாத நெறி ரெண்டு மூண்டு கிழமைக்கு மேல நிண்டால், அதை வெட்டி எடுத்துப் பரிசோதிக்க அவசரப்படக் கூடாது. முதல்ல வாய், தொண்டை, நாக்கடி எல்லாம் கமெராவால பாத்து, நெறியில ஊசி குத்திப் பாக்கோணும். மூலம் உள்ள இருக்கேக்க நெறியை மட்டும் வெட்டினால் பிறகு செய்யிற சத்திரசிகிச்சை சிக்கலாகும்.

மருந்துக் கடை:

உருண்டை உணர்வுக்கு நிறையப் பேர் கேட்டு வாங்குவது ஒமிப்ரசோல். நெஞ்செரிவு, புளிச்ச ஏப்பம் இருந்தால் பலன் உண்டு. இவை இல்லாமல் உருண்டை உணர்வு மட்டும் என்றால் பெரிதாக உதவாது. டொக்டர் எழுதினால் 20 மில்லிகிராம் குளிசையைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். நாலு முதல் எட்டுக் கிழமை பார்த்து, மாற்றமில்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போகாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். இராத்திரி ஒன்பதுக்குக் கொத்து ரொட்டி சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுக்கிற வீட்டில் எந்தக் குளிசையும் தோற்கும். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணித்தியாலம் இடைவெளி வேண்டும். தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் கூடும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள்.

தைரொக்சின் என்ற தைரொய்ட் ஹோர்மோன் குளிசை எழுதினால் (அம்மாவுக்குத் தேவைப்படாமலும் போகலாம், டி.எஸ்.எச். கூடியிருந்தால்தான்) விடிய எழும்பியதும் வெறும் தண்ணீரோடு. பால்தேத்தண்ணியும் கோப்பியும் அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான், ஒரு மணித்தியாலம் விட்டால் இன்னும் நல்லது. இரும்பு, கல்சியம் குளிசை நாலு மணித்தியாலம் தள்ளி. கணு சாதுவானது, டி.எஸ்.எச். சரி என்றால், கட்டியைக் கரைக்க என்று தைரொக்சின் கேட்காதீர்கள். இப்போது அப்படிக் கொடுப்பதில்லை, நெஞ்சுப் படபடப்பும் எலும்புத் தேய்வும்தான் மிச்சம்.

வெத்திலையையும் சொல்ல வேண்டும். புகையிலையை மட்டும் விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் பாக்கையே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகுத்தது. அம்மாவின் வாயை லைட் அடித்துப் பாருங்கள்: கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி. வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், மூன்று விரல் நிறுத்தி நுழையாத அளவுக்கு வாய் இறுகியிருப்பது, இவற்றில் ஏதும் இருந்தால் கிளினிக்கில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். குரல் அடைப்பு மூன்று கிழமை தாண்டுவது, ஒரு பக்கக் காதுக்குள் நோ, கெட்டிச் சாப்பாடு இறங்காமல் கஞ்சியாகக் கேட்பது, துப்பலில் இரத்தம் இவையும் அப்படியே.

உப்புவெளி மகன்:

வாயைப் பாத்தன், திட்டு ஒண்டும் இல்ல, வாயும் நல்லாத் திறக்குது. திங்கக்கிழமை கூட்டிக்கொண்டு போறன். ஸ்கானுக்கு வெறும் வயித்தோட போகோணுமா? என்னென்ன கொண்டுபோறது?

வாட் சிஸ்டர்:

கழுத்து ஸ்கானுக்கும் டி.எஸ்.எச்.க்கும் வெறும் வயிறு தேவையில்ல. பிரஷர்க் குளிசையை வழமைபோலப் போட்டுச் சாப்பிட்டுட்டு வரட்டும். சங்கிலி, தாலிக்கொடியைக் கழட்டி வீட்டில வச்சிட்டு, கழுத்து அகலமான சட்டை போட்டால் சுகம். பிரஷர்க் கிளினிக் புத்தகம், போடுற குளிசை மட்டைகள், பழைய இரத்த ரிப்போட் இருந்தால் அதுகளும். குடும்பத்தில ஆருக்காவது தைரொய்ட் புற்றுநோய் இருந்ததா, சின்ன வயசில கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை குடுத்ததா எண்டு கேப்பாங்க, அம்மாட்ட முதலே விசாரிச்சு வையுங்க. கமெரா விட இருக்கிறதால அண்டைக்குக் காலமை வெத்திலை போடாமல் வாயை நல்லாக் கழுவிப்போட்டு வரச்சொல்லுங்க, சிவப்புச் சாயத்துக்குள்ள சின்னத் திட்டுத் தெரியாது.